கிளினிக்குக்கு வராத தாய்: கொட்டியாரக் குடாக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை ஒரு குடும்பத்தோடு எங்கள் பெற்றோர் ஆதரவுக் குழு செய்த வேலையின் பதிவு இது. தாயின் சம்மதத்துடன் எழுதப்பட்டது. அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினோம். அவர் வேண்டாம் என்ற இரண்டு விடயங்களை நீக்கிவிட்டோம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். வெளிக்கள உத்தியோகத்தர்கள், தொண்டர்கள், முக்கியமாக இதே நிலையில் இருக்கிற தாய் தகப்பன்மார் வாசிக்கவேண்டும் என்பதே நோக்கம்.

பின்னணி

பிள்ளைக்கு அப்போது ஐந்தரை வயது. பெண் பிள்ளை. பிறந்தவுடன் அழவில்லை. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடம்பசைவு கட்டுப்படாத நிலை), இரண்டு கையும் இரண்டு காலும் இறுக்கம். தலையைச் சில நிமிடம் நிமிர்த்தி வைத்திருப்பாள், பிடிமானமில்லாமல் இருக்கமாட்டாள். தூக்கினால் முதுகை வில்லாக வளைத்து, கால்களைக் கத்தரிக்கோல் போல் குறுக்கே போட்டுக்கொள்வாள். இரண்டு வயதிலிருந்து வலிப்பு. பேச்சு இல்லை. ஆனால் தகப்பனின் சைக்கிள் செயின் கவர் தட்டும் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதுமே சிரித்துவிடுவாள். வீட்டுக்காரருக்கு அதுதான் மணிக்கூடு.

வீடு இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில். 2006 இல் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பிக் குடியேறிய ஊர். தாயின் சொந்த அம்மாவும் சகோதரிகளும் இடம்பெயர்ந்த இடத்திலேயே, மட்டக்களப்புப் பக்கம் தங்கிவிட்டார்கள். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கும் நோய் நொடிக்கும் தாய்வீட்டார் வந்து நிற்பதே எங்கள் ஊர்களின் வழக்கமான ஆதரவுச் சேவை. இந்தத் தாய்க்கு அது இல்லை. வீட்டில் கணவர், மாமி, 11 வயது மகள், 3 வயது மகன். கணவர் கரைவலைத் தொழிலாளி. வலைக்குப் போகாத நாளுக்குப் பங்கு இல்லை.

பிள்ளையை எங்களிடம் அனுப்பியவர் அந்தப் பிரிவின் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர். அவர் எழுதியது ஒரே வரி: “கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை, நிறை குறைகிறது, தாய் அக்கறை குறைவு.”

முதல் நான்கு மாதம்

நாங்களும் அந்த ஒரு வரியை நம்பித்தான் தொடங்கினோம். ஏப்ரலில் வீட்டுக்குப் போய் 40 நிமிடம் இருந்தோம். ஒன்பது பயிற்சிகள் கொண்ட படத்தாள் ஒன்றைக் கொடுத்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் செய்யச் சொன்னோம். திருகோணமலை நகரில் மாதாமாதம் நடக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தோம். மலச்சிக்கல் என்று தாய் சொன்னதற்கு, “தண்ணீர் கூடக் கொடுங்கள்” என்றோம்.

மூன்று கூட்டமும் போயின, தாய் வரவில்லை. மே மாதம் பிள்ளை நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாக வாட்டில் அனுமதிக்கப்பட்டாள். 12 மாதத்துக்குள் அது மூன்றாவது தடவை. ஜூனில் நாங்கள் மறுபடி போனபோது படத்தாள் சுவரில் ஒட்டியபடி இருந்தது. ஒன்றாவது பயிற்சிக்கு நேரே மட்டும் பென்சிலால் நான்கு சரி அடையாளம். எங்களைப் பார்த்ததும் தாய் அந்தத் தாளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் அந்தக் காட்சியைத்தான் முதலில் குறித்துவைத்தார். வீட்டுக்குப் போகிற ஆதரவுக் குழுவைக் கண்டு ஒரு தாய் ஒளிக்கவேண்டி வந்தால், அங்கே ஆதரவு நடக்கவில்லை, பரீட்சைதான் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் திகதி கொடுக்காமல், அந்த வீட்டின் ஒரு முழு நாளையும் கூட இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

ஜூலை: காலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை

வெளிக்கள உத்தியோகத்தர் முதல்நாள் இரவே போய் அயல்வீட்டில் தங்கினார். தாயிடம், “உங்களைச் சோதிக்க வரவில்லை. உங்கட நாளை எண்ணத்தான் வந்தனாங்கள்” என்று சொல்லி அனுமதி பெற்றோம். கையில் ஒரு கொப்பி, ஒரு மணிக்கூடு, குளியலறைத் தராசு ஒன்று. எதையும் திருத்தக்கூடாது, ஆபத்து வந்தால் ஒழிய வாய் திறக்கக்கூடாது என்பது உடன்பாடு.

பிள்ளையின் நிறை 11.4 கிலோ. அன்று தாய் அவளைத் தூக்கியது 43 தடவை: பாயிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து கிணற்றடிக்கு, வெயில் வந்ததும் நிழலுக்கு, நுளம்பு வந்ததும் உள்ளுக்கு. கூட்டினால் ஒரு நாளில் கிட்டத்தட்ட 490 கிலோ. எல்லாம் நிலத்திலிருந்து, முழங்கால் மடக்காமல், முதுகால் தூக்கியது. அவருக்கு நாரிப்பிடிப்பு இருப்பதை அன்றுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

சாப்பாடு நான்கு வேளை. ஒரு வேளைக்கு 50 நிமிடத்துக்கு மேல், மொத்தம் 3 மணி 40 நிமிடம். பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலை பின்னால் தொங்க, மேலிருந்து கையால் ஊட்டினார். அப்படிக் கிடத்தினால்தான் அவள் முறுக்கமாட்டாள் என்பது அவரது அனுபவம். ஆனால் தலை பின்னால் சாய்ந்து நாடி மேலே போனால், விழுங்கும்போது மூச்சுக்குழாய்க்குக் காவல் குறைந்துவிடும். குழைத்த சோறு ஓரளவு போனது. தேத்தண்ணியும் தண்ணீரும்தான் ஒவ்வொரு வாய்க்கும் இருமலைக் கொண்டுவந்தன. கண் கலங்கும், பிறகு தொண்டையில் நீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம். மூன்று நெஞ்சுச் சளிக்கும் காரணம் இதுவாக இருக்கலாம் என்று கொப்பியில் எழுதிக்கொண்டபோது, தண்ணீர் கூடக் கொடுக்கச் சொன்னது நாங்கள்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

மத்தியானம் தாய் அடுப்படியில் நிற்க, ஊட்டியது மாமி. பேத்தி வயிறு நிறையவேண்டும் என்ற பாசத்தில் வேகமாக ஊட்டினார். பகலில் வீட்டில் இருக்கும் இரண்டாவது பெரியவர் அவர்தான். அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் தாய்க்கு மட்டும் படத்தாள் கொடுத்திருந்தோம்.

மாலையில் மருந்துப் போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். வலிப்புக்கான பாணி மருந்து, 100 மில்லி. லேபலின் ஓரத்தில் மேலிருந்து கீழாக, நகத்தால் கீறிய ஒன்பது கோடுகள். போத்தலைப் பத்துச் சம பங்காகப் பிரிக்கும் கோடுகள். “ஒரு கோட்டுக்கு நாலு நாள்” என்றார் தாய். வைத்தியர் எழுதியது காலை 2.5 மில்லி, இரவு 2.5 மில்லி. அந்தக் கணக்கில் ஒரு கோடு இரண்டே நாளில் முடியவேண்டும். காலை மருந்தை நிறுத்தி, இரவில் மட்டும், அதையும் வீட்டுத் தேக்கரண்டியில் கொடுத்துவந்தார். மாதம் இரண்டு போத்தல் தருவார்கள், இப்படி இழுத்தால் அது 80 நாளுக்கு வரும். எல்லாத் தேக்கரண்டியும் ஒரே அளவல்ல என்பதால், உண்மையில் எவ்வளவு உள்ளே போனது என்று அவருக்கும் தெரியாது. மாதத்தில் ஐந்தாறு வலிப்பு வருவதன் காரணம் அந்தக் கோடுகளில் இருந்தது.

ஏன் இழுத்தார்? கிளினிக் நாளைக் கணக்கிட்டோம். அதிகாலை 4.30க்கு எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டு, ஓட்டோவில் சந்திக்கு வந்து, பஸ்ஸில் நகரம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபிறகு படகுத்துறையில் காத்துக்கிடக்கும் வேலை இல்லை. இருந்தும் வீடு திரும்பப் பின்னேரம் 3.30 ஆகிவிடும். செலவு போக வர 1,200 ரூபா. வலிப்புக் கிளினிக் ஒரு கிழமை நாள், பிசியோதெரபி இன்னொரு நாள், ஆகவே மாதம் இரண்டு பயணம். அந்த நாட்களில் மூன்று வயது மகனைப் பார்க்க 11 வயது மகள் பள்ளிக்கூடம் போகமாட்டாள், மாமிக்குக் கண்பார்வை குறைவு. வலிப்புக் கடுமையாக வந்து தாய் கண்விழித்த நாட்களிலும் அவளே வீட்டில் நின்றாள். முந்தைய தவணையில் அவள் தவறவிட்டது 14 நாள். வகுப்பாசிரியர் ஒருமுறை கண்டித்திருக்கிறார். ஒரு பிள்ளையின் மருந்துக்கும் மற்றப் பிள்ளையின் படிப்புக்கும் நடுவே நின்று தாய் போட்ட கணக்குத்தான் அந்த நகக்கோடு. “அக்கறை குறைவு” என்ற சொல்லை அன்றே எங்கள் கோவையிலிருந்து வெட்டினோம்.

இரவு 9 மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் சொன்னது: “நான் இல்லாட்டி இவள ஆரு பாப்பாங்க? போறதெண்டா ரெண்டு பேரும் ஒண்டாப் போகோணும்.”

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அந்த இரவே எடுத்தது. இப்படியான பேச்சைப் பெருமூச்சு என்று கடந்துபோகக்கூடாது. உத்தியோகத்தர் வேலையை நிறுத்தி, பக்கத்தில் இருந்து, நேராகவே கேட்டார்: உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்ததுண்டா? எப்போதிருந்து? இப்போதும் இருக்கிறதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்கு அது முதல்தடவையாக இறக்கிவைக்கக் கிடைக்கும் இடம். நினைப்பு வந்துபோவதாகவும், செய்யும் திட்டம் இல்லையென்றும் தாய் சொன்னார். அவர் சம்மதத்துடன் கணவரிடமும் மாமியிடமும் பேசினோம். அன்று இரவு மாமி கூடப் படுத்தார். அடுத்த மூன்றாம் நாள் தாய் அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்கு ஒரு துணையோடு போனார். இரவில் தாங்கமுடியாவிட்டால் அழைக்க, தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அவரது போனில் பதிந்துகொடுத்தோம்.

இரண்டாவது, படத்தாளைக் கழற்றினோம். பயிற்சி தேவையில்லை என்பதல்ல. நாலரை மணி நேரம் துண்டு துண்டாக உறங்கும் ஒருவரிடம் இன்னும் ஒரு மணி நேரம் கேட்பது நடக்காது. தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது எப்படியும் நடக்கிற வேலை. அதைச் சரியான நிலையில் செய்தால் அதுவே பயிற்சி. பிசியோதெரபிஸ்டிடம் இதைச் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டு, ஒன்பதில் இரண்டை மட்டும் வைத்தார்: குளித்து உடம்பு தளர்ந்த நேரத்தில் கணுக்காலையும் தொடையின் உட்பக்கத்தையும் மெதுவாக நீட்டிப் பிடிப்பது.

மூன்றாவது, மருந்து. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, 2.5 மில்லிக் கோட்டில் சிவப்பு நூல் கட்டினோம். குறைந்துபோன அளவைத் திடீரென்று இரட்டிப்பாக்குவதை நாங்களாகச் செய்யவில்லை. வைத்தியரிடம் நடந்ததை அப்படியே எழுதிக்கொடுத்தோம், அவர் சொன்ன விதத்தில் தாய் அளவைக் கூட்டினார். கடிதத்தில் மேலும் இரண்டு கோரிக்கைகள்: இரண்டு கிளினிக்கையும் ஒரே நாளில் தரமுடியுமா, மருந்தை ஊருக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் எடுக்கலாமா. முதல் கடிதம் காணாமல்போனது. கருமபீடத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தோம், கையில் பிரதி இல்லை. இரண்டாவதை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி, கிளினிக் கொப்பிக்குள் ஒட்டினோம். செப்டெம்பரில் இரண்டு கோரிக்கையும் நிறைவேறின. அருகிலுள்ள வைத்தியசாலையில் மருந்து இருப்பில் உண்டா என்று முதல்நாளே போனில் கேட்கவேண்டும். கேட்காமல் போய் இரண்டு தடவை வெறுங்கையுடன் திரும்பினார்கள்.

வலிப்பு வந்தால் செய்யவேண்டியதைப் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். பக்கவாட்டில் கிடத்து. மணிக்கூட்டைப் பார். வாய்க்குள் ஒன்றும் வைக்காதே. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, நின்று நினைவு திரும்பமுன் மறுபடி வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸ். மாமி வழக்கமாகக் கையில் திறப்பைக் கொடுப்பார். அதனால் கெடுதல் இல்லை, நாங்கள் தடுக்கவில்லை. கிட்டிய பல்லைக் கரண்டியால் நெம்பித் திறப்பதைத்தான் நிறுத்தச் சொன்னோம். முன்பல் ஒன்று அப்படித்தான் உடைந்திருந்தது. கோயில் நேர்த்தியையும் இதே முறையில் அணுகினோம். விரதம் மாமிக்கு, மருந்து பிள்ளைக்கு. இரண்டும் மோதவேண்டியதில்லை.

மாமிக்கு ஊட்டப் பழக்கியது

இளவயது உத்தியோகத்தர் சொன்னதை மாமி ஏற்கவில்லை. “நான் ஏழு பெத்து வளத்தவள்” என்றார். அது நியாயமான பதில். அயலூரிலிருந்து வேறொரு பிள்ளையின் அம்மம்மாவை அழைத்துவந்தோம். இருவரும் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்து ஒரு மணி நேரம் கதைத்தபிறகே பிள்ளையின் சாப்பாட்டுக் கோப்பை வெளியே வந்தது.

பழக்கியது இவ்வளவுதான். பிள்ளை நிமிர்ந்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி, நாடி சற்றே கீழ்நோக்கி. ஊட்டுபவர் பிள்ளையின் கண்மட்டத்தில், முன்னால். மேலிருந்து கரண்டி வந்தால் பிள்ளை தலையைத் தூக்கும், அப்போது பழைய ஆபத்தே திரும்பும். குழிவில்லாத சிறு பிளாஸ்டிக் கரண்டியில் அரைக் கரண்டி. அதை நாக்கின் நடுவில் மெதுவாக அழுத்தி, மேலுதட்டில் வழிக்காமல் நேராக வெளியே எடுப்பது. விழுங்கியதைக் கழுத்தில் பார்த்தபின்தான் அடுத்தது. இருமினால் நிறுத்தி, சற்று முன்னால் சாய்த்து, தானாக இருமி முடிக்கவிடுவது. முதுகில் அறையக்கூடாது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் கிடத்தாமல் வைத்திருப்பது.

நீராகாரத்தின் தடிப்பை நாங்கள் தீர்மானிக்கவில்லை. பேச்சு மொழிச் சிகிச்சையாளர் அக்டோபரில் பார்த்து, தண்ணீராக எதுவும் வேண்டாம், கரண்டியிலிருந்து நூலாக அல்லாமல் சொட்டாக விழும் தடிப்பில் கொடுக்கலாம் என்றார். அரிசிக் கஞ்சி, குரக்கன் கஞ்சி, மசித்த பப்பாசி என்று அந்தத் தடிப்பு வீட்டிலேயே கிடைத்தது. தண்ணீர்ச்சத்து அதன் வழியாகப் போனதால் மலச்சிக்கலும் தளர்ந்தது. நிறைக்காக ஒவ்வொரு வேளை சோற்றிலும் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்க்கச் சொன்னோம். சாப்பாட்டின் அளவு கூடாமல் ஏறத்தாழ 40 கலோரி கூடும். களைத்துப்போய் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு இதுதான் வழி.

இருக்கை: முதலில் பிழைத்ததும் பிறகு சரிவந்ததும்

மேலே சொன்ன எதுவும் தாயின் மடியில் நடக்காது. மூலை இருக்கை ஒன்று தேவைப்பட்டது. முதுகுப்பலகை இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாக, சுவர் மூலைபோல். தோள்கள் இரண்டும் முன்னுக்கு வருவதால் பிள்ளை பின்னால் வளைந்து தள்ளுவது குறையும். நவம்பரில் கடல் கடுமையாகி வலை நின்றிருந்த நாட்களில் தகப்பனும் அயலிலுள்ள தச்சுவேலை செய்பவரும் சேர்ந்து செய்தார்கள். 12 மில்லிமீற்றர் பிளைவூட் அரைப் பலகை, ஸ்பொஞ், ஆணி எல்லாம் சேர்த்து 8,700 ரூபா. தகப்பனை வேலைக்குள் இழுக்க வேறெந்தப் பேச்சும் உதவவில்லை, அளவுநாடாதான் உதவியது. பிள்ளையின் காலை அளந்து, எழுதி, மறுபடி அளந்தார். அன்றுவரை அவரையும் “அக்கறையில்லாதவர்” வரிசையில் வைத்திருந்தவர்கள் நாங்கள்.

பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை 28 செ.மீ. இருக்கைப் பலகையை 26 ஆக வெட்டினோம், விளிம்பு மடிப்பை அறுத்தால் பிள்ளை முன்னுக்கு வழுக்கும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிவரை 24. இருக்கையிலிருந்து மடக்கிய முழங்கைவரை 15, அதுதான் முன்தட்டின் உயரம். முழங்கால்களுக்கு இடையே ஸ்பொஞ் சுற்றிய 8 செ.மீ. கட்டை, கால்கள் குறுக்கே போகாமலிருக்க மட்டும். வழுக்குவதைத் தடுக்கவேண்டியது அந்தக் கட்டையல்ல, இடுப்புப் பட்டி.

முதல் கிழமை தோல்வி. பிள்ளை பத்து நிமிடத்தில் அழுது, விறைத்து, கீழே நழுவினாள். மூன்று பிழை கண்டோம். கால்தட்டை 24க்குப் பதிலாக 27இல் அடித்திருந்தார்கள், “வளருவாள்தானே” என்று. பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு முழுவதும் விறைக்கும். பட்டி வயிற்றுக்கு மேலே கட்டப்பட்டிருந்தது. அதை இறக்கி, தொடை மடிப்பின் மேலாக, இருக்கையின் பின்கோணத்தை நோக்கி 45 பாகையில் இழுத்துக் கட்டினோம். மூன்றாவது, ரெக்சின் உறை. எங்கள் வெக்கைக்கு அது ஆகாது, வியர்த்துத் தொடையில் பரு போட்டது. பழைய சாரத்தைத் தைத்துப் போட்டதும் சரியானது. கால்தட்டுக்கு 3 செ.மீ. இடைவெளியில் மூன்று சோடித் துளை போட்டதால், வளர வளர இறக்கலாம்.

பத்து நிமிடத்தில் தொடங்கி, இரண்டு மாதத்தில் 45 நிமிடம் இருக்கப் பழகினாள். ஒரே இருக்கையில் அதற்கு மேல் வைக்கவேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். எடுக்கும்போதெல்லாம் பிட்டத்திலும் குதியிலும் சிவப்பு உண்டா என்று பார்க்கவேண்டும், சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் எங்கோ அழுத்துகிறது.

தூக்கும் முறையையும் இதே நாட்களில் மாற்றினோம். அக்குளில் கைகொடுத்து நேராக இழுத்தால் பிள்ளை விறைக்கும். முதலில் பக்கவாட்டில் உருட்டி, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, நெஞ்சோடு அணைத்து எழும்புவது. நடக்கும்போது இடுப்பில், கால்கள் இருபுறமும் விரிய.

கூட்டம் ஊருக்கு வந்தது

நகரத்தில் நடந்த மாதக் கூட்டத்தை 2024 ஜனவரியில் நிறுத்தி, ஊர் முன்பள்ளிக் கட்டடத்தில் இரண்டாம் சனி பின்னேரம் 2.30க்கு வைத்தோம். சமைத்து முடித்த நேரம், மாலை வேலை தொடங்காத நேரம். சுற்றுவட்டத்தில் ஆறு குடும்பம், தமிழரும் முஸ்லிம்களும். முதல் அரை மணி நேரம் தாய்மார் மட்டும் பேசுவார்கள், உத்தியோகத்தர் வாய் திறக்கக்கூடாது. பிறகு ஒரேயொரு செய்முறை. கூடவரும் சகோதரப் பிள்ளைகளுக்கு ஒரு தொண்டர்.

மனநலக் கிளினிக்குக்குத் துணையாகப் போனவரும் இந்தக் குழுவில் ஒருவர், டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனின் தாய். எங்கள் தாய் அவரை “ராத்தா” (அக்கா) என்பார். வியாழக்கிழமைகளில் ராத்தா வந்து மாமியோடு இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்ப்பது, தாய் உறங்குவது என்று ஏற்பாடு. முதல் இரண்டு வியாழனும் தாய் உடுப்புத் தோய்த்தார். வீட்டுக்குள் இருந்தால் வேலை கண்ணில் படும். மூன்றாம் வியாழன் ராத்தா தன் வீட்டுத் திறப்பைக் கொடுத்து அங்கே போய்ப் படுக்கச் சொன்னார். அன்றுதான் உறங்கினார்.

ஆறு குடும்பமும் மாதம் 200 ரூபா போட்டு “கிளினிக் சீட்டு” தொடங்கினார்கள். 1,200 ரூபா, ஒரு பயணம். ஒரே கிழமையில் இரண்டு பேருக்குக் கிளினிக் வந்த மாதம் மனத்தாங்கல் ஏற்பட்டது. இப்போது திகதிகளை முன்பள்ளிச் சுவர்க் கலண்டரில் குறித்து, முறை தீர்மானிக்கிறார்கள்.

கொடுப்பனவும் பள்ளிக்கூடமும்

அங்கவீனக் கொடுப்பனவுக்கு (2024 இல் மாதம் 7,500 ரூபா) கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பித்தோம். மூன்று மாதம் கழித்துத் திரும்பிவந்தது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஓர் எழுத்தோடு, கிளினிக் கொப்பியில் வேறெழுத்தோடு இருந்தது. விண்ணப்பம் எழுதமுன் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வைத்தியச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நான்கையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டிருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். 2024 ஜூலையில் முதல் பணம் கிடைத்தது.

பள்ளிக்கூடம் இன்னும் தீரவில்லை. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அங்கவீனத்தைக் காரணம்காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. விசேட கல்வி அலகு உள்ள கிட்டிய பாடசாலையில் பெயர் பதிந்தார்கள். ஆனால் நடக்காத பிள்ளையைக் கழிப்பறைக்குக் கொண்டுபோக ஆளில்லை, தாய் நாள்முழுக்க வாசலில் நிற்கவேண்டும் என்றார்கள். கிழமையில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் மட்டும் போகிறாள். அது போதாது.

2024 டிசம்பரில்

நிறை 13.2 கிலோ. ஜூலை 2023க்குப் பிறகு நெஞ்சுச் சளிக்கு வாட்டில் இருந்தது ஒரு தடவை. ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிடம். தாய் தூக்குவது 27 தடவையாகக் குறைந்திருக்கிறது. வலிப்பு கடந்த மூன்று மாதத்தில் இரண்டு. இவற்றில் எது மருந்தால், எது இருக்கையால், எது ஊட்டும் முறையால் என்று பிரித்துச் சொல்லமுடியாது, எல்லாம் ஒரே காலத்தில் மாறின. மூத்த மகள் கடைசித் தவணையில் தவறவிட்டது 3 நாள். தாயின் நாரிப்பிடிப்பு மாறவில்லை. மனநலக் கிளினிக்குக்குத் தொடர்ந்து போகிறார். பழைய நினைப்பு மழைக்காலத்தில் ஒருமுறை வந்ததாக ராத்தாவிடம் அவராகவே சொல்லியிருக்கிறார்.

மறுபடி செய்வதானால்

முழுநாள் வருகையை நான்கு மாதம் கழித்து அல்ல, முதல் கிழமையிலேயே செய்வோம். அதற்கு ஆளையும் நேரத்தையும் ஒதுக்குவது கடினந்தான். ஆனாலும் 40 நிமிடத்தில் பார்த்த வீட்டுக்கு எழுதிய ஆலோசனைதான் ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் தண்ணீர் போக வழிவிட்டது. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நீராகாரம் பற்றிச் சிகிச்சையாளர் பார்க்கும்வரை எதுவும் சொல்வதில்லை என்பது இப்போது எங்கள் குழுவில் விதி. மருந்துப் போத்தலைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் அப்படியே. “மருந்து கொடுக்கிறீர்களா?” என்று கேட்டால் எல்லாத் தாயும் ஓம் என்றுதான் சொல்வார்.

இடுப்பு எக்ஸ்றேயை முதல் ஆண்டிலேயே கேட்டிருக்கவேண்டும். நடக்காத, கால் இறுகிய பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு குழியிலிருந்து மெல்ல மெல்ல விலகும், வலி வரும்வரை வெளியே தெரியாது. இருக்கை, சாப்பாடு என்று மூழ்கி அதை விட்டுவிட்டோம். இடது தொடையை விரிக்கும்போது பிள்ளை முகம் சுளிப்பதை நவம்பரில் கண்டது மாமி.

எக்ஸ்றேக்கு 2025 பெப்ரவரியில் திகதி கிடைத்திருக்கிறது. கரைவலை முழுவீச்சில் தொடங்காத மாதம். தகப்பன் தானே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், சீட்டிலும் அந்த மாத முறை இவர்களுக்கே. இருக்கையின் கால்தட்டு இப்போது இரண்டாம் சோடித் துளையில் இருக்கிறது.